தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை

ஆதார் அட்டைப்படி எங்கள் அத்தை பிறந்தது 1946 ஜூன் 1. வருகிற ஜூனில் எண்பது நிறைகிறது என்று அத்தையின் பிள்ளைகள் போன வருடமே மண்டபம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பாளையங்கோட்டையில் ஒரு மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகிற அன்று காலையில்தான் அத்தை வாயைத் திறந்தாள்.

"எனக்கு எங்கல எண்பது ஆச்சு? காந்தி செத்த வருசம்லா நான் பிறந்தது."

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் மனது கேட்கவில்லை. ஜூன் 1 என்ற தேதி எப்படி வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் வயது சரி. ஜூனில் பள்ளி திறக்கும், அதற்கு ஏற்ற மாதிரி ஒரு தேதியை அவரே எழுதிக்கொள்வார். நெல்லைச் சீமையில் அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேர் இப்படி ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள்தான். அத்தை கொஞ்சம் வளர்த்தி, கை சீக்கிரம் எட்டியிருக்கும். அத்தையைப் பெற்ற ஆச்சி எழுதி வைத்திருந்த ஜாதகம் 1992 நவம்பர் வெள்ளத்தில் டிரங்குப் பெட்டியோடு போய்விட்டது. தாமிரபரணி அந்த வருடம் எத்தனையோ வீட்டுத் தாள்களைக் கொண்டுபோனது. எங்கள் வீட்டில் போனதில் அதுவும் ஒன்று.

மிச்சம் இருந்தது ஆச்சி சொன்ன வாசகம். ஆச்சி இறந்து பல வருடம் ஆகிறது. ஆனால் அத்தைக்கு அது ஒரு எழுத்து மாறாமல் மனப்பாடம்: "தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. கொட்டகையில அந்தப் படம் போட்ட அன்னிக்கு. உங்கப்பா முதல் ஆட்டத்துக்குப் போயிருந்தாவ. இடைவேளைக்குள்ள நீ வந்துட்ட. எட்டாம் நாளு காந்தியச் சுட்டுட்டானுவ."

தாத்தாவைக் கூப்பிட்ட கதையும் இதோடு சேர்ந்தது. வீட்டிலிருந்து ஓடிய பையனால் இருட்டுக்குள் அவரைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. அப்போதெல்லாம் கொட்டகைகளில் கண்ணாடித் துண்டில் கரி பூசி ஈர்க்குச்சியால் எழுதித் திரையில் காட்டுவார்கள். அப்படித்தான் தாத்தாவின் பெயரைப் போட்டு "உடனே வீட்டுக்கு வரவும்" என்று காட்டினார்களாம். தலைகீழாகப் போட்டு, சனம் கூச்சல் போட்டு, திருப்பிப் போட்டார்களாம். தன் பிறப்பு சினிமாத் திரையில் அறிவிக்கப்பட்டது என்பதில் அத்தைக்கு இன்றைக்கும் அவ்வளவு பெருமை.

அப்படியென்றால் வழி எளிது, அந்தப் படம் வெளியான தேதியைப் பார்த்தால் அத்தை பிறந்த தேதி கிடைத்துவிடும் என்று நினைத்தேன். பார்த்தேன். எங்கே தேடினாலும் 1947 என்று இருந்தது. மாதம் இல்லை, நாள் இல்லை, வருடம் மட்டும்.

பள்ளிச் சான்றிதழ் 1946 என்கிறது. சினிமாப் பட்டியல் 1947 என்கிறது. காந்தி இறந்தது 1948 ஜனவரி 30. மூன்றும் ஒன்றாக உண்மையாக இருக்க முடியாது. "காந்தி கதையெல்லாம் பின்னால சேர்த்ததுடா" என்றான் அத்தையின் மூத்த மகன். அத்தைக்கு வைத்திருப்பது நெல்லையப்பர் கோயில் அம்மன் பெயர், காந்திமதி. அந்தப் பெயரில் காந்தி இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு ஆச்சி ஒரு கதை கட்டியிருப்பாள் என்பது அவன் வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய சம்பவத்தோடு பிள்ளை பிறந்ததை முடிந்து வைப்பது வயதானவர்களின் வழக்கம். புயல் வருடம், பஞ்சத்து வருடம், சுதந்திரம் வந்த வருடம் என்று. ஆனால் "எட்டாம் நாள்" என்று எண்ணிச் சொல்கிறவள் கதை கட்டுகிறவளாக எனக்குத் தோன்றவில்லை.

படத்தின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அதை எடுத்தவர் எங்கள் ஆற்றுக்கரைக்காரர். சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால் பாயும் நஞ்சையை விற்று எடுத்த படம். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு நிமிர்வதற்கு இரண்டு தலைமுறை ஆனது. பெயர் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். படத்தின் பிரதி எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் காலத்துப் படச்சுருள் நைட்ரேட், எளிதில் தீப்பிடிக்கும், வைத்திருந்தாலும் தானாகவே மக்கும். ஓடி முடித்த பிரதிகளைக் கரைத்து வெள்ளி எடுத்தவர்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964ல்தான். அதற்குள் நம் பழைய படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. படம் போன பிறகு அதைப் பற்றி மிஞ்சுவது ஒரு பெயரும் ஒரு வருடமும். அந்த வருடமாவது சரியாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் என்ற தனி மனிதர் ஆயுள் முழுக்கச் சேர்த்ததைத்தான் 2004ல் பெரிய புத்தகமாகக் கொண்டுவந்தார். அந்த உழைப்பு இல்லாவிட்டால் நம்மிடம் தொடங்குவதற்கு ஒரு இடமே இருந்திருக்காது. அதே வருடம் பத்து இடத்தில் இருந்தால் பத்துப் பேர் பார்த்துச் சொன்னதாகிவிடாது. ஒருவர் எழுதியதை ஒன்பது பேர் பெயர்த்து எழுதியிருப்பார்கள். ஆக எனக்குத் தெரிய வேண்டியது, முதலில் எழுதியவர் எந்தத் தேதியை எழுதினார் என்பது.

ஏனென்றால் ஒரு படத்துக்குத் தேதிகள் பல. தணிக்கை ஆன தேதி ஒன்று. 1951ல் மத்தியத் தணிக்கைக் குழு வருவதற்கு முன்னால் சென்னை மாகாணத்துக்கென்று தனிக் குழு இருந்தது. அது சான்றிதழ் கொடுத்த மறுநாளே படம் திரைக்கு வந்துவிடாது. கடன் தீர வேண்டும், கொட்டகை கிடைக்க வேண்டும், பண்டிகை பார்க்க வேண்டும். அப்புறம் முதல் திரையீட்டுத் தேதி. அதற்கும் அப்புறம், நம் ஊருக்குப் படச்சுருள் பெட்டி வந்த தேதி. இப்போது ஒரே வெள்ளிக்கிழமை உலகமெல்லாம் ரிலீஸ் ஆகிறது. அன்றைக்குச் சில பிரதிகள்தான் போடுவார்கள். மதுரையில் ஓடி முடித்துப் பெட்டி வந்தால்தான் திருநெல்வேலியில் போட முடியும். இங்கே முடிந்து தூத்துக்குடி, கோவில்பட்டி, தென்காசி. கடைசியில் அறுவடை முடிந்த வயலில் போடும் டூரிங் கொட்டகை. ஒரே படம் எங்கள் ஜில்லாவைச் சுற்றி வருவதற்கே மாதக்கணக்கு ஆகிவிடும்.

தேதி மட்டுமே போதாது, ஊரும் வேண்டும் என்பதற்கு எங்கள் சீமைக் கதை ஒன்றே போதும். வீரபாண்டிய கட்டபொம்மன் படம் 1959 மே 10ல் லண்டனில் திரையிடப்பட்டது. தமிழ்நாட்டில் வெளியானது மே 16. பாஞ்சாலங்குறிச்சி இருப்பது நம் பக்கம், கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கயத்தாறும் நம் பக்கம், லண்டன்காரன் நமக்கு ஆறு நாள் முன்னால் பார்த்துவிட்டான். எது வெளியீட்டுத் தேதி என்று கேட்டால் எந்த ஊரில் என்று திருப்பிக் கேட்காமல் பதில் சொல்ல முடியுமா?

தேதியைச் சோதித்துப் பார்க்க எனக்குப் பிடித்த கருவி நிலா. முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931 அக்டோபர் 31ல் வெளியானது. அதைத் தீபாவளி வெளியீடு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. அந்த அக்டோபரில் பௌர்ணமி 26ஆம் தேதி. பௌர்ணமி கழிந்து ஐந்தாம் நாளில் எப்படித் தீபாவளி வரும்? அந்த வருடத் தீபாவளி நவம்பர் இரண்டாவது வாரத்தில். 31ஆம் தேதி ஒரு சனிக்கிழமை, அவ்வளவுதான். ஹரிதாஸ் படத்துக்கு 1944 அக்டோபர் 16 என்று சொல்வார்கள். மறுநாள் அமாவாசை. திங்கட்கிழமையில் படம் வெளியாகுமா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை, அது தீபாவளி. மூன்று தீபாவளி கண்ட படம் என்று பெயர் வாங்கியது அங்கே தொடங்கித்தான். பழைய பஞ்சாங்கம் ஒன்று கையில் இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ஆனால் ஆச்சியின் வாசகத்தை இப்படிச் சோதிக்க வழியில்லை. தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளி எல்லா வருடமும் வரும். 1947லும் வந்தது, 1946லும் வந்தது. காந்தியை ஒதுக்கிவிட்டால் அந்த வாசகத்தில் வருடமே இல்லை. அத்தையின் வயதுக்குப் படத்தின் தேதி ஆதாரம், படத்தின் தேதிக்கு அத்தையின் பிறப்பு ஆதாரம் என்று இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நின்றன. வெளியிலிருந்து மூன்றாவதாக ஒன்று வேண்டும்.

பிறப்புப் பதிவேட்டில் தேடலாம் என்று ஒரு அலுவலகத்துக்கு மூன்று தடவை போனேன். அந்தக் காலத்துப் பதிவில் குழந்தையின் பெயர் இருக்காது. தகப்பனார் பெயர், "பெண்" என்று மட்டும் இருக்கும். வருடம் தெரிந்தால்தான் புத்தகத்தை எடுக்க முடியும் என்றார்கள். வருடத்தைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை. அதை விட்டுவிட்டேன்.

சென்னைக்கு வேறு வேலையாகப் போனபோது தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இரண்டு நாள் உட்கார்ந்தேன். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாளெல்லாம் சேர்த்த புத்தகங்களை வைத்து 1994ல் தொடங்கிய நூலகம். மற்றவர்கள் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டதையெல்லாம் அவர் எடுத்து வைத்தார். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, சினிமாப் பாட்டுப் புத்தகம். நான் தேடிய பாட்டுப் புத்தகம் அங்கே இருந்தது.

அதைப் பார்த்த நிமிடத்தை நான் மறக்கமாட்டேன். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. பதினாறு பக்கம். அட்டை ஒரு காலத்தில் ரோஸ் நிறமாக இருந்திருக்க வேண்டும், இப்போது சுண்ணாம்பு காய்ந்த வெற்றிலை மாதிரி. கம்பி பின் துருப்பிடித்து, துரு பக்கங்களுக்குள் இறங்கி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் இரண்டு பழுப்புப் பொட்டு. கதைச் சுருக்கம் ஒன்றரைப் பக்கம் போய், ராஜகுமாரி காட்டில் மயங்கி விழுகிற இடத்தில் நின்று, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிகிறது. இனி அந்த மீதியை யாரும் காண முடியாது. அதை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தேதி எங்கும் இல்லை. விலை 2 அணா என்று இருந்தது. நயா பைசா 1957ல்தான் வந்தது, ஆகவே அதற்கு முந்தியது என்று தெரிகிறது, அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் பின்னட்டையில் ஏரியா வாரியாக விநியோகஸ்தர் பெயர்கள் அச்சிட்டிருந்தார்கள். மதுரைக்கு ஒருவர், கோயம்புத்தூருக்கு ஒருவர், சென்னைக்கு ஒருவர். கடைசி வரியில் "திருநெல்வேலி ஜில்லா" என்று போட்டு, எதிரே தயாரிப்பாளரின் பெயர்.

சினிமாத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். மற்ற ஏரியாக்களை முன்பணம் வாங்கி விற்றுவிட்டார். சொந்த ஜில்லாவை மட்டும் விற்கவில்லை, தானே ரிலீஸ் செய்தார். நம் ஊர்க்காரன் எடுத்த படம், நம் சனம் பார்க்கும் என்ற நம்பிக்கை. அப்படித் தானே ரிலீஸ் செய்தால் கணக்கு அவரிடம்தான் இருந்திருக்க வேண்டும். பெட்டிக் கூலி, கொட்டகை வாடகை, தினசரி வசூல், கேளிக்கை வரி. 1939லிருந்தே சென்னை மாகாணத்தில் கேளிக்கை வரி உண்டு, கணக்கு வைக்காமல் யாரும் படம் ஓட்டியிருக்க முடியாது.

அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. போய்ப் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது. இப்போது இருப்பவர் அவருடைய பேரன், எழுபதைத் தாண்டியவர். திண்ணையில் உட்காரச் சொன்னார், காப்பி வந்தது, நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"தம்பி, அந்தப் பேச்சே வேண்டாம். ஒரு வாரம் ஓடல அந்தப் படம். எட்டுக் கோட்டை விதைப்பாடு நஞ்சை போச்சு. எங்க தாத்தா அதுக்கப்புறம் டவுன் பக்கமே தலைவச்சுப் படுக்கல."

நான் படத்தைப் பற்றி வரவில்லை அண்ணாச்சி, எங்கள் அத்தை பிறந்த நாளைப் பற்றி வந்திருக்கிறேன் என்று ஆச்சியின் வாசகத்தை அப்படியே சொன்னேன். கண்ணாடியில் எழுதிக் காட்டிய கதையையும் சொன்னேன். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "அந்தக் கண்ணாடி வேல பாத்தது எங்க சித்தப்பாவாத்தான் இருக்கும். தலகீழாத்தான் போடுவாரு" என்றார். அப்புறம் எழுந்து உள்ளே போனார்.

வெளியே கொண்டுவந்தது நாள்வழி. நீளவாக்கில் மடித்துத் தைத்த, சிவப்புத் துணி போட்ட கணக்குப் புத்தகம். ராமபாணம் அரித்த ஓட்டைகள் முதல் பக்கத்தில் தொடங்கி நேராக உள்ளே போயின. மேலே பிள்ளையார் சுழி. அதன் கீழே கணக்குப்பிள்ளையின் எழுத்து, நாணல் பேனாவில் எழுதியது போலத் தடிமனும் மெலிவுமாக. வலது ஓரத்தில் ரூபாய், அணா, பைசா என்று மூன்று கோடு. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் "௲௱௨௰௩௵" என்று இருந்தது.

ஆயிரத்து நூற்றிருபத்து மூன்று. ஏதோ பேரேட்டுப் பக்க எண் என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். எல்லாப் பக்கத்திலும் அதே எண். நான் விழிப்பதைப் பார்த்து அவர் சொன்னார், "அது கொல்லம் தம்பி. நம்ம பக்கத்துக் கணக்கு."

நான் வெட்கப்பட்டேன். திருநெல்வேலிச் சீமையில் பத்திரமும் கணக்கும் கொல்லம் ஆண்டில் எழுதியவர்கள் நம் முன்னோர். ஆவணியில் தொடங்குகிற ஆண்டு. பழைய கிரயப் பத்திரங்களில் நானே பார்த்திருக்கிறேன், சினிமாக் கணக்கில் அதை எதிர்பார்க்கவில்லை. கொல்லம் 1123 என்றால் 1947 ஆகஸ்டில் தொடங்கி 1948 ஆகஸ்டில் முடிவது. அதற்குப் பக்கத்திலேயே சர்வசித்து என்று தமிழ் வருடமும் எழுதியிருந்தது. 1947 சித்திரையிலிருந்து 1948 பங்குனி வரை சர்வசித்து. இரண்டும் பொருந்தின.

கார்த்திகை மாதப் பக்கங்களில் மதுரைச் செலவுகள் வந்தன. மதுரைக்கு ரயில் சத்தம், மதுரையில் "படம் போட்ட அன்று" ஓட்டல் செலவு, மாலை ஒன்று. ஆக மதுரையில் 1947 கார்த்திகையிலேயே படம் திரைக்கு வந்துவிட்டது. பட்டியலில் இருக்கும் 1947 சரி. எழுதியவர் தப்பாக எழுதவில்லை.

மார்கழி முழுக்க ஒன்றும் இல்லை. பெட்டிக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டு தந்திச் செலவு மட்டும் இருந்தது, மதுரைக்கு. நாற்று நட்டவன் வானத்தைப் பார்க்கிற மாதிரி அந்த மனிதர் ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

தை மாதம் 9ஆம் தேதி. "தை௴ ௯௳ வியாழன். மதுரைப் பெட்டி வந்த கூலி. வில்வண்டி வாடகை." நான் விரலை வைத்து வாசிக்க, அண்ணாச்சியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்துவிட்டார். "தை௴ ௰௳ வெள்ளி. தேங்காய், கற்பூரம், சாம்பிராணி. கொட்டுக்காரர் நாலு பேர். தட்டி கட்டிய வண்டி இரண்டு. நோட்டீசு." அதற்குக் கீழே முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் என்று வசூல். அன்றைக்குத்தான் படம் போட்டிருக்கிறார்கள்.

1948ல் தை 1 ஜனவரி 14. தை 10 என்றால் ஜனவரி 23. வெள்ளிக்கிழமைதானா? தான். அந்த வருடம் பௌர்ணமி ஜனவரி 26, திங்கட்கிழமை. பூசமும் அன்றைக்கே. தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளி! போனில் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆச்சி ஒரு பொய் சொல்லவில்லை. நெல்லையப்பரும் அம்மனும் தீர்த்தவாரிக்கு ஆற்றங்கரைத் தைப்பூச மண்டபத்துக்கு எழுந்தருளும்போது ஆச்சி தீட்டில் வீட்டுக்குள் படுத்திருக்கிறாள், பார்க்க முடியவில்லை. அதனால்தான் அவளுக்கு அந்தப் பூசம் மறக்கவில்லை போல.

இங்கேயே நான் நிறுத்தியிருக்கலாம். வந்த வேலை முடிந்தது. ஆனால் எட்டாம் நாள் என்று ஒன்று இருக்கிறதே.

அதனால் ஒவ்வொரு நாளாக வாசித்தோம். சனி, ஞாயிறு வசூல் முதல் நாளை விடக் கூடுதல். திங்கட்கிழமை பூசம், சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள் வண்டி கட்டி வந்திருக்க வேண்டும், அந்த வாரத்திலேயே பெரிய தொகை அன்றைக்குத்தான். செவ்வாய், புதன், வியாழன் கொஞ்சம் குறைகிறது, ஆனால் விழவில்லை. "௰௭௳ வெள்ளி." அதாவது தை 17. முதல் ஆட்டத்துக்குத் தொகை இருக்கிறது. முந்தின வெள்ளிக்கு ஒரு பத்து ரூபாய்தான் குறைவு. இரண்டாம் ஆட்டம் என்று எழுதி, எதிரே தொகை எழுத வேண்டிய இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில், கணக்குப்பிள்ளையின் எழுத்தே இல்லாத மாதிரி கோணலாக, "மகாத்மா".

அவ்வளவுதான் எழுதியிருந்தது.

டெல்லியில் காந்தி சுடப்பட்டது 30ஆம் தேதி மாலை 5 மணி 17 நிமிடத்துக்கு. அன்றைக்குள் வானொலியில் செய்தி வந்துவிட்டது. முதல் ஆட்டம் விட்டு சனம் வெளியே வரும்போது தெருவில் தெரிந்திருக்கும். தை 18, 19 இரண்டு நாளும் "கொட்டகை அடைப்பு". நாடு முழுக்க பதிமூன்று நாள் துக்கம். 20ஆம் தேதி "பெட்டி அனுப்பிய கூலி". அடுத்த ஊருக்கு நாள் குறித்தாகிவிட்டது, பெட்டியை நிறுத்தி வைக்க முடியாது. அப்புறம் அந்தப் பெட்டி திருநெல்வேலிக்குத் திரும்பி வந்ததற்கு நாள்வழியில் பதிவு இல்லை. துக்க காலத்தில் மற்ற ஊர்களிலும் என்ன வசூலாகியிருக்கும்?

அண்ணாச்சி அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ சனம் வந்திருக்கு" என்றார். நான் ஆமாம் என்றேன். "எட்டாம் நாளும் வந்திருக்கு?" வந்திருக்கிறது, இதோ தொகை என்று காட்டினேன். "ஒரு வாரம் ஓடலன்னுல்லா எங்க அப்பா சொல்லிட்டுப் போனாரு." அவர் குரல் உடைந்தது. படம் நன்றாக இல்லாததால் ஓடவில்லை என்றுதான் அந்த வீட்டில் மூன்று தலைமுறை நம்பியிருக்கிறது. கொள்வினை கொடுப்பினையில் அதைச் சொல்லிக் குத்தியிருக்கிறார்கள். அந்த மனிதர் டவுன் பக்கம் போகாமலே செத்திருக்கிறார். தேதி 1947 என்று மொட்டையாக நிற்கும்வரை இந்த எட்டு நாள் யார் கண்ணுக்கும் படாது. வருடம் மாறி, மாதம் தெரிந்து, நாள் தெரிந்த பிறகுதான் பக்கத்திலேயே ஜனவரி 30 நிற்பது தெரிகிறது.

மறுநாள் திரும்பப் போய், அவர் அனுமதியோடு ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டேன். படத்தின் பெயரை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, தம்பிகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இப்போதைக்கு வேண்டாம் என்றுதான் பதில் வந்தது. சரி, அது அவர்கள் விருப்பம். என் நோட்டில் மட்டும் இப்படி எழுதி வைத்திருக்கிறேன்: மதுரை, 1947 கார்த்திகை. திருநெல்வேலி, 1948 ஜனவரி 23, வெள்ளி. எட்டு நாள், பதினைந்து ஆட்டம். ஒரு படத்தின் தேதியை எழுதினால் ஊரையும் சேர்த்து எழுத வேண்டும் என்று பட்டியல் போடுகிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் பழைய நாள்வழி, கொட்டகை நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் கிடந்தால் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். தலைப்பில் புரியாத எண் இருந்தால் கொல்லம் ஆண்டா என்று பாருங்கள். 824ஐக் கூட்டினால் அந்த ஆவணியின் ஆங்கில வருடம் வரும். தை முதல் என்றால் 825.

இந்த வருடம் ஜனவரி 23ம் வெள்ளிக்கிழமையாகவே வந்தது. அன்றைக்குக் காலையில் அத்தை வீட்டுக்குப் போனேன். மண்டபத்து முன்பணப் பேச்சு முன்பே நின்றுவிட்டது. பிள்ளைகள் கேசரி செய்திருந்தார்கள். நாள்வழிப் பக்கத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். அத்தைக்குப் பழைய எழுத்து படிக்க வரும், முப்பது வருடத்துக்கு மேல் வாத்தியார் வேலை பார்த்தவள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கற்பூரம், சாம்பிராணி, கொட்டுக்காரர் என்று ஒவ்வொன்றாக வாசித்தாள். முதல் ஆட்டம் என்ற இடத்துக்கு வந்ததும் அந்தத் தொகையின் மேல் விரலை வைத்தாள்.

"இதுல எங்கப்பா டிக்கெட்டும் இருக்கும்லா?"

இருக்கும் அத்தை என்றேன். மடித்துப் பூஜை அறையில் அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள்.

"எனக்கு எண்பது ஆக இன்னும் ரெண்டு வருசம் கெடக்கு. அதுக்குள்ள அந்தப் படம் எங்கனயாவது ஆப்புடுதான்னு பாருய்யா."